ஆர்லிஸ் ஹாகனின் வலது பக்கம்

வலி தொடங்கிய முதல் எட்டு மாதங்கள் ஆர்லிஸ் ஹாகன் அதைப் பற்றி ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் பாவம் பார்ப்பார்கள். ஹால்வர் ஊர்க்காரர்கள் பாவம் பார்ப்பதைவிட அருவருப்பான காட்சி உலகத்தில் கிடையாது என்பது அவளுடைய தீர்மானமான கருத்து. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வார்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். மறுநாள் சாயங்காலம் நூடுல்ஸும் காளான் சூப்பும் மாட்டிறைச்சியும் ஒன்றாகப் போட்டு வேகவைத்த கண்ணாடிப் பாத்திரத்தை ஈயத்தாளால் மூடி வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். அந்தப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேறு நடக்க வேண்டும்.

ஆர்லிஸுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மினசோட்டாவின் வடமேற்கு மூலையில், கண்ணுக்கெட்டிய மட்டும் சர்க்கரைக் கிழங்கு வயல்களாகக் கிடக்கும் அந்த ஊரில் ஒன்பதாம் எண் பள்ளிப் பேருந்தை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். பனிப்புயலிலும் ஓட்டினாள், மாமியார் இறந்த அன்றும் ஓட்டினாள். காய்ச்சல் என்று விடுப்பு எடுக்கும் மற்ற ஓட்டுநர்களைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் ஒரு நக்கல் வரும். பைஜாமாவோடு வாசலுக்கு வந்து கையாட்டும் தாய்மார்கள், பேருந்தில் ஏறியே பார்க்காமல் பேருந்து விதிகள் எழுதும் தலைமையாசிரியர், முன் இருக்கைக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகள், எல்லோருக்கும் அவள் மனதில் தனித்தனியாக ஒரு ஏளனம் உண்டு. சேட்டை செய்கிற பிள்ளைகளின் பெயரை எழுதிவைக்க, கம்பிச் சுருள் போட்ட தடித்த நோட்டு ஒன்றைக் கால்சட்டையின் வலது பின்பையில் எப்போதும் செருகிவைத்திருப்பாள். அவள் கை பின்பக்கம் போனாலே பேருந்து அமைதியாகிவிடும்.

வலி அந்தப் பக்கத்தில்தான் வந்தது. முதலில் வலது பிட்டத்தின் ஆழத்தில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதுபோல. பிறகு தொடையின் பின்புறமாக இறங்கியது. கெண்டைக்காலைப் பிடித்து இழுத்தது. கடைசியில் சுண்டுவிரல்வரை போய் மின்சாரம்போலச் சுள்ளென்று அடித்தது. நின்றால் கொஞ்சம் தேவலை. உட்கார்ந்தால் நரகம். அவளுடைய பிழைப்போ உட்காருவது. இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். இரண்டு மாதத்தில் கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டது.

மார்ச் மாதம் ஒரு காலை, ஊருக்கு வெளியே இருக்கிற ரயில்வே கிராஸிங்கில், பள்ளிப் பேருந்துகள் எல்லாமே நின்று கதவைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போக வேண்டிய இடத்தில், ஆர்லிஸ் பிரேக்கில் கால் வைத்தாள். வைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பாதம் மரக்கட்டையாகக் கிடந்தது. குனிந்து பார்த்தபோதுதான் கால் பாதி பிரேக்கிலும் பாதி வெளியிலுமாக இருப்பது தெரிந்தது. கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். பேருந்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி, தண்டவாளத்துக்கு எட்டடி முன்னால் குலுங்கி நின்றது. அரை நிமிஷத்தில் தானியம் ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று கண்ணாடிக்கு முன்னால் தடதடவென்று போயிற்று. நூற்றுப் பத்துப் பெட்டி. அவள் ஒவ்வொன்றையும் எண்ணினாள். வேறு எதையும் நினைக்காமல் இருப்பதற்காக.

பின்னாலிருந்த இருபத்தாறு பிள்ளைகளில் ஒருத்திதான் கவனித்திருந்தாள். மூன்றாம் வகுப்புக் குட்டி.

"மிஸ்ஸஸ் ஹாகன், இன்னிக்கு நீங்க கோட்டத் தாண்டிட்டீங்க."

"ஆமா," என்றாள் ஆர்லிஸ். "எழுதிக்கிறேன்."

ரேடியோவை எடுத்து, "ஒம்பதாம் நம்பர். வேற ஆள அனுப்பு," என்று மட்டும் சொன்னாள். மாற்று ஓட்டுநர் வந்ததும் அவனோடு பள்ளிவரை நின்றுகொண்டே போய், போக்குவரத்து மேலாளர் கோர்டியின் மேசைமீது சாவியை வைத்தாள்.

"கால் வேல செய்யல. செய்யும்போது வந்து எடுத்துக்கறேன்."

"என்னாச்சு ஆர்லிஸ்? உக்காரு, உக்காந்து பேசு."

"உக்காந்ததுதான் ஆச்சு," என்றாள் அவள்.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வாசலில் ஏழு கண்ணாடிப் பாத்திரங்கள் வந்து சேர்ந்தன. பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்தியங்கள் வந்தன. பச்சை உருளைக்கிழங்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொள் என்றார் ஒருவர். துருப்பிடித்த திருகுக்கு அடிக்கிற எண்ணெயை இடுப்பில் அடி என்றார் இன்னொருவர். சொன்னவர் ஊர்க் கவுன்சில் உறுப்பினர். கணவன் டுவேன் தானியக் கிடங்கில் காப்பி குடிக்கும் கூட்டத்திடமிருந்து தினம் ஒரு யோசனை கொண்டுவந்தான்.

"ஏம்மா, தேனீய விட்டுக் கொட்டவச்சா சரியாப் போயிடுதாமே?"

"யாரு சொன்னது?"

"லைல்."

"லைலுக்கு மூணு விரல் இல்ல டுவேன். அறுவடை மிஷின்ல கைய விட்டவன். அவன் புத்தியக் கேட்டுட்டு வந்து நிக்கிற."

டுவேனின் தங்கை டார்லாவைச் சமாளிப்பதுதான் கஷ்டம். டார்லா எதையாவது விற்றுக்கொண்டே இருப்பவள். ஒரு காலத்தில் மெழுகுவத்தி, பிறகு பிளாஸ்டிக் டப்பா, பிறகு வாசனைத் தைலம். இப்போது காந்த மெத்தை. நடுவில் இருபது காந்தங்கள் தைத்த, ஊதா நிறத்தில் ஒரு சின்னத் திண்டு. எல்லோரையும் "செல்லம்" என்பாள், தபால்காரர்கூடச் செல்லம்தான்.

"ஆர்லிஸ் செல்லம், இது ரத்தத்துல இருக்கிற இரும்ப இழுத்து நேரா நிறுத்துது."

"என் ரத்தம் கோணலா நிக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"ஒருதரம் உக்காந்துதான் பாரேன்."

டுவேன் கெஞ்சினான் என்பதற்காக ஒன்று வாங்கினாள். ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள். காந்தம் ஒவ்வொன்றும் சரியாக வலிக்கிற இடத்திலேயே குத்தியது. அன்றிலிருந்து அதில் நாய் படுத்துக்கொண்டது.

அடுத்து, நெடுஞ்சாலை ஓரத்தில் முதுகு நெட்டி எடுக்கும் டாக்டர் ப்ரென்ட். வரவேற்பறையில் ஒரு சின்ன நீரூற்று, மீன்தொட்டி, சுவர் முழுக்கச் சான்றிதழ். வெள்ளை வெளேரென்ற பற்கள். அவருடைய பற்களைப் பார்த்தவுடனேயே ஆர்லிஸுக்கு அவர்மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

"உங்க உடம்பு ரொம்ப அறிவாளி, ஆர்லிஸ். அது நம்மகிட்டப் பேசுது. நாமதான் காது குடுக்கணும்."

"அது எட்டு மாசமாக் கத்திக்கிட்டிருக்கு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீங்க என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க."

கழுத்தைத் திருப்பி ஒரு சத்தம், இடுப்பைத் திருப்பி ஒரு சத்தம். எழுந்து நின்றால் லேசாகத்தான் இருக்கும். காரில் ஏறி உட்கார்ந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று வலி வந்து நிற்கும். முப்பத்தாறு தடவை வர வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தார். ஒன்பதாம் தடவை அந்த அட்டவணையை மீன்தொட்டியின் மூடிமேல் வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு பார்கோ நகரத்து அறுவை மருத்துவர். அங்கே போக ஒன்றரை மணி நேரம். டுவேன் காரை ஓட்ட, ஆர்லிஸ் பின் இருக்கையில் மண்டியிட்டு, பின் கண்ணாடி வழியாக, கடந்து வந்த சாலையையே பார்த்துக்கொண்டு போனாள். மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். படத்தையே பார்த்துக்கொண்டு பேசினார். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு வட்டு, டிஸ்க், பிதுங்கியிருக்கிறது, வெட்டிவிடலாம், ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் காலியாக இருக்கிறது.

"என்னத் தொட்டுப் பாக்க வேணாமா?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

அவர் முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். சோபா பேசியதுபோல. "படத்துலயே தெளிவா இருக்கே."

"நான் படத்துக்குள்ள உக்காந்து பஸ் ஓட்டல."

டுவேன் அவள் கையைத் தொட்டான். அவன் பயந்திருந்தான், வெட்டினால் முடிந்துவிடும் என்று நம்பிவிட்டிருந்தான். அவளும், கேவலம், நம்பத்தான் தொடங்கியிருந்தாள். கையெழுத்துப் போட்டாள். தடுத்தது அவளுடைய புத்தி அல்ல, காப்பீட்டுக் கம்பெனி. ஆறு வாரம் பிசியோதெரபி செய்துபார்த்து, பலனில்லை என்று சீட்டு வந்தால்தான் அறுவைக்கு அனுமதி என்று கடிதம் வந்தது. ஆர்லிஸ் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தக் கம்பெனியின் தலைமுறை முழுவதையும் திட்டினாள். சீட்டு வாங்கத்தான் போனாள், வேறு எதற்கும் இல்லை.

பிசியோதெரபி அறை, மாவட்ட மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் இல்லை. அங்கே இருந்த இர்மா நோவாக் என்பவளுக்கு அறுபத்துமூன்று வயது. பால் கேன் தூக்கிய கைகள். சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். நீரூற்று, மீன்தொட்டி எதுவும் இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

"நட."

ஆர்லிஸ் நடந்தாள்.

"உக்காரு. அப்படி இல்ல, பஸ்ல எப்படி உக்காருவியோ அப்படி." ஆர்லிஸ் உட்கார்ந்தாள். இர்மா சுற்றி வந்து பார்த்தாள். "பின்னால என்னது அது, வீங்கின மாதிரி?"

ஆர்லிஸ் நோட்டை உருவிக் காட்டினாள்.

"எதுக்கு?"

"பசங்க பேர் எழுதுறதுக்கு."

"எத்தன வருஷமா?"

"இருபத்திரெண்டு."

"இருபத்திரெண்டு வருஷமா ஒரு பக்கம் மட்டும் முட்டுக் குடுத்து உக்காந்திருக்க. வலது கால மட்டும் வெளிப்பக்கமாத் திருப்பி பெடல்ல வச்சிருக்க. இதுல நடக்கறதும் கெடையாது. படு."

இர்மா அவளுடைய வலது காலை நேராகத் தூக்கினாள். ஒன்றும் பெரிதாக இல்லை. பிறகு முட்டியை மடக்கி, எதிர்த் தோள்பக்கமாக அழுத்தினாள். ஆர்லிஸின் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் கேட்டு, துணி துவைக்கும் அறையில் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்தினார்.

"ம்," என்றாள் இர்மா. அவளைக் கவிழ்த்துப் போட்டு, முழங்கையால் ஒரு இடத்தில் ஊன்றினாள். "இங்கதான?"

ஆர்லிஸ் தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வலி என்பதைவிட, பத்து மாதத்தில் முதல்முறையாக ஒரு மனுஷியின் கை சரியான இடத்தில் பட்டிருக்கிறது என்பதால் வந்த நீர் அது. அந்த அழுகையையும் அவள் உடனே வெறுத்தாள்.

"குண்டிக்குள்ள ஆழத்துல பேரிக்கா மாதிரி ஒரு தசை இருக்கு. பிரிஃபார்மிஸ்னு பேரு. காலுக்குப் போற பெரிய நரம்பு, சயாட்டிக்னு சொல்றாங்களே, அது இதுக்கு அடியிலதான் போகுது. இந்தத் தசை இறுகிப்போய் அதோட கழுத்தப் புடிச்சிருக்கு."

"படத்துல வட்டு பிதுங்கியிருக்குன்னாரே?"

"உன் வயசுல தெருவுல போறவங்களப் புடிச்சுப் படம் எடு. பாதிப் பேருக்குப் பிதுங்கிதான் இருக்கும். அவங்க பாட்டுக்கு போல்கா ஆடிக்கிட்டிருக்காங்க."

மூன்று காரியம் சொல்லிக்கொடுத்தாள். மல்லாந்து படுத்து, வலது கணுக்காலை இடது முட்டிமேல் போட்டு, இடது தொடையை நெஞ்சுப் பக்கமாக இழுத்துப் பிடிப்பது. டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் பிட்டத்துக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்து உருட்டுவது. ஒருக்களித்துப் படுத்து மேல்காலை மெதுவாகத் தூக்கி இறக்குவது. காலையும் மாலையும் செய்ய வேண்டும். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நடக்க வேண்டும். நோட்டை மேல்சட்டைப் பைக்கு மாற்ற வேண்டும்.

"அவ்வளவுதானா?" ஆர்லிஸின் குரலில் ஏளனம் தானாகவே வந்தது.

"அவ்வளவுதான். ஆனா நீ செய்ய மாட்ட."

"ஏன் செய்ய மாட்டேன்?"

"ஒருத்தரும் செய்யறதில்ல. முப்பத்தேழு வருஷமாப் பாக்கறேன். கத்தி வச்சு வெட்டறோம்னா வரிசையில நிக்கறாங்க. தரையில பத்து நிமிஷம் படுன்னா நேரமில்லம்பாங்க. ஆறு வாரம் கழிச்சு வா, பலனில்லன்னு சீட்டு எழுதித் தர்றேன். அதுக்குத்தான வந்த?"

ஆர்லிஸ் வீட்டுக்குப் போய்ச் சமையலறைத் தரையில் படுத்தாள். குணமாகும் என்று நம்பி அல்ல. அந்தக் கிழவி சொன்னது பொய்யாக வேண்டும் என்பதற்காக.

மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. தரையில் படுத்தால் நாய் வந்து முகத்தை நக்கியது. டுவேன் காப்பி போட அவளைத் தாண்டித் தாண்டிப் போனான். நான்காம் வாரம் வலி கூடியது. கீழ்த்தளத்துக்குப் போய்ச் சண்டை போட்டாள்.

"பாதத்துல வலிக்குதா?" என்று கேட்டாள் இர்மா.

ஆர்லிஸ் யோசித்தாள். பாதத்தில் இல்லை. கெண்டைக்காலில்கூட இல்லை. தொடையோடு நின்றிருந்தது.

"மேல ஏறுதுன்னா திரும்பிப் போகுதுன்னு அர்த்தம். போ. கத்தறதக் கத்திக்கிட்டே செய்."

ஆறாம் வாரம் சீட்டு வாங்கப் போகவில்லை. பார்கோ மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு அறுவையை ரத்து செய்தாள். அங்கே இருந்த பெண், "டாக்டர் வருத்தப்படுவாரே," என்றாள். "படம் அவர்கிட்டதான இருக்கு, பாத்து ஆறுதலாயிக்கச் சொல்லு," என்றாள் ஆர்லிஸ்.

பதினோராம் வாரம், ஜூலை மத்தியில், தானியக் கொள்முதல்காரர் யாரையோ பற்றி டுவேனோடு வாக்குவாதம். முக்கால் மணி நேரம் திட்டி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் ஒன்று உறைத்தது: இவ்வளவு நேரமும் மர நாற்காலியில் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். அசையாமல் இருந்தாள். வலியைத் தேடிப் பார்த்தாள். ஆழத்தில் ஒரு மங்கலான கனம் மட்டும் இருந்தது. "என்ன?" என்றான் டுவேன். "ஒண்ணுமில்ல," என்றாள். அவளுக்கு வந்தது சந்தோஷம்கூட இல்லை, கோபம்தான். ஒரு வருஷம், ஒரு பல், இருபத்தாறு பிள்ளைகளின் உயிர், இதெல்லாம் ஒரு டென்னிஸ் பந்துக்காகவா என்ற கோபம். செப்டம்பரில் ஓட்டுநர் உடல் தகுதித் தேர்வில் தேறி, கோர்டியிடம் போய்ச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். டார்லா ஒரு மேசைமேல் ஆறு ஊதாத் திண்டுகளை அடுக்கி வைத்திருந்தாள்.

"என் அண்ணன் பொண்டாட்டியவே எடுத்துக்கோங்க," என்று கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நடக்கவே முடியாமக் கெடந்தா, பாவம். இதுல உக்காந்தா. இப்போ பஸ் ஓட்டறா!"

ஆர்லிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்து பொய் என்று சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட இவர்கள் லாயக்கில்லை என்று தோன்றியது. நீலநிற ஞாயிற்றுக்கிழமைக் கவுனோடு, காலுறையோடு, அறையின் நட்டநடுவில் தரையில் மல்லாந்து படுத்தாள். வலது கணுக்காலை இடது முட்டிமேல் போட்டாள்.

போதகர் வாயில் வைத்த இனிப்புத் துண்டை விழுங்க மறந்தார். "ஆர்லிஸ்... இது தேவாலயம்."

"தேவாலயம் மேல இருக்கு. இது அடித்தளம்," என்றாள் அவள் தரையிலிருந்து. "எல்லாரும் பாத்துக்குங்க. இப்படி இழுக்கணும். முப்பது எண்ணணும். காலையில, சாயங்காலம். டென்னிஸ் பந்து ஒண்ணு. காந்தம் வேணாம், தேனீ வேணாம், உருளைக்கிழங்கு வேணாம். அந்தத் திண்டுல நான் உக்காந்தது ஒரே ஒரு நிமிஷம், மத்த நேரமெல்லாம் எங்க நாய்தான். அதுக்கும் ஒண்ணும் ஆகல."

ஒரு பெண்மணி பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டாள். முப்பது எண்ணி முடித்து ஆர்லிஸ் காலை மாற்றினாள். அப்போது ஸெல்மர் என்ற கிழங்கு விவசாயி, எழுபத்தொரு வயது, ஐம்பது வருஷம் டிராக்டர் இருக்கையில் கழித்த மனிதர், கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"எந்தக் கால மேல போடணும்?"

"எது வலிக்குதோ அது."

"நாலு வருஷமா எடது."

அவள் பக்கத்தில் தரையில் படுத்தார். எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. எழுந்ததும் இடுப்பைத் தடவிக்கொண்டு, "இது ரொம்ப அசிங்கமா இருக்கே," என்றார். "நாளைக்கும் செய்யணுமா?"

"சாகிற வரைக்கும்," என்றாள் ஆர்லிஸ்.

அன்று ஆறு திண்டுகளும் விற்றுப்போயின. கூரையைப் பார்த்த பெண்மணி இரண்டு வாங்கினாள். டார்லா ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். ஆர்லிஸ் அந்த மாதத்தை மிகவும் ரசித்தாள். ஊரில் சொன்னதைச் செய்தவர் ஸெல்மர் ஒருவர்தான். அடுத்த வசந்தத்தில் விதைப்பு முடியும்வரை அவர் டிராக்டரில் உட்கார்ந்தார். அதற்காக அவர் நன்றி சொல்ல வந்தபோது ஆர்லிஸ் கதவைப் பாதிதான் திறந்தாள், கையில் கண்ணாடிப் பாத்திரம் ஏதாவது இருக்குமோ என்ற பயத்தில்.

மூன்று வருஷம் வலி தலைகாட்டவில்லை. ஆகவே தரையில் படுப்பது எதற்கு என்று தோன்றிவிட்டது. முதலில் சாயங்காலம் நின்றது, பிறகு காலையும். ஒரு பிப்ரவரியில் பிட்டத்தில் அந்தக் கட்டைவிரல் மறுபடி வந்து ஊன்றியது. இர்மா அதற்குள் ஓய்வுபெற்று அரிசோனாவுக்குப் போயிருந்தாள். ஆர்லிஸ் எப்படியோ எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள்.

"ஆர்லிஸ் ஹாகன் பேசறேன். ஹால்வர்லேர்ந்து. பஸ் ஓட்டறவ. மறுபடியும் வந்துடுச்சு."

மறுமுனையில் சூயிங்கம் மெல்லும் சத்தம் கேட்டது.

"தெனம் படுத்தியா?"

"இல்ல."

இர்மா தொலைபேசியை வைத்துவிட்டாள். ஆர்லிஸும் ரிசீவரை வைத்தாள். பிறகு நாயைக் காலால் ஒதுக்கிவிட்டு, சமையலறைத் தரையில் மெதுவாக இறங்கினாள்.